டிராயருக்குள் கிடக்கும் ஃபோனை எடு: அக்கா டிப்ஸ்

தங்கச்சி, புது ஃபோன் வாங்கிய கையோடு பழையதை டிராயருக்குள் போட்டு வைத்திருப்பாய். கழக்கூட்டம், ஸ்ரீகாரியம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் யாரிடம் கேட்டாலும் அப்படி ஒரு ஃபோன் இருக்கும். திரை நன்றாக இருக்கும், கேமரா எடுக்கும், ஸ்பீக்கர் பாடும். கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்டது, அதற்கு வந்த நோவு அவ்வளவுதான். 2018 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த போகோ எஃப்1 ஆண்ட்ராய்டு 10-ஓடு நின்றது. அதே ஆண்டு வந்த ஒன்பிளஸ் 6 ஆண்ட்ராய்டு 11-ஓடு நின்றது. 2017-இல் வந்த ஷாவ்மி மி ஏ1-க்கு ஆண்ட்ராய்டு 9-க்கு மேல் வரவில்லை. இந்த மாதிரி ஃபோனில் கூகுள் கணக்கே இல்லாமல் ஓடும், உன்னை வேவு பார்க்காத ஓர் ஓஎஸ்ஸை நீயே ஏற்றலாம். ஏற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். தயார் செய்யத்தான் ஒரு வாரம் வேண்டும். நான் அதிகம் பேசப்போவதும் அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான், ஏனென்றால் காரியம் கெடுவது பெரும்பாலும் அங்கே அவசரப்படுவதால்.

"என் ஃபோனில் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது, அக்கா?" என்று கேட்பாய். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், எந்த டாக்டரைப் பார்க்கப் போனாய், மாதவிடாய் ஆப்பில் என்ன தேதி குறித்தாய், இதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வாயா? 2018-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஷ்மிட் ஒரு சோதனை செய்தார். பின்னணியில் குரோம் ஓடும் ஆண்ட்ராய்டு ஃபோனைத் தொடாமல் ஓரிடத்தில் வைத்திருந்தார்கள். 24 மணி நேரத்தில் அது இருப்பிடத் தகவலை கூகுளுக்கு 340 முறை அனுப்பியிருந்தது. 2021-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் எடின்பரோ பல்கலைக்கழகமும் சேர்ந்து சாம்சங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மீ ஃபோன்களையும், நாமே ஏற்றிக்கொள்ளும் லினேஜ் ஓஎஸ், ஈ ஓஎஸ் இரண்டையும் ஆராய்ந்தன. சும்மா கிடக்கும்போதும் ஃபோனைச் செய்த கம்பெனிக்கும், முன்பே அதில் ஏற்றி விற்ற ஆப்களின் கம்பெனிகளுக்கும் தகவல் போய்க்கொண்டே இருந்தது. சோதித்தவற்றில் கிட்டத்தட்ட எதையும் அனுப்பாமல் இருந்தது ஈ ஓஎஸ் ஒன்றுதான். கூகுள் ஆப்களைச் சேர்த்து ஏற்றிய லினேஜ் ஓஎஸ்ஸிலிருந்து கூகுளுக்குத் தகவல் போகத்தான் செய்தது. இந்தக் கடைசி வரியை மறக்காதே. ஓஎஸ்ஸை மாற்றிவிட்டு மறுபடியும் கூகுள் ஆப்கள் அத்தனையையும் ஏற்றினால், பட்ட பாட்டில் பாதி வீண்.

அம்மா கேட்பார்கள், இது ஏதாவது திருட்டு வேலையா என்று. இல்லை. ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. அதை மாற்றி ஃபோனில் போட்டு விற்கிறவர்கள் அந்த மூல நிரலையும் கேட்பவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. அதனால்தான் கம்பெனி கைவிட்ட ஃபோனைத் தன்னார்வலர்கள் எடுத்து, புது ஆண்ட்ராய்டை அதற்குப் பொருத்த முடிகிறது. அந்த உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நம் திருவனந்தபுரத்துக்கு வந்துதான் 2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு கேரளப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம்தான் இன்றைய கைட் நிறுவனம். கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். 2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய ஓஎஸ் வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பழகும் காரியத்தை ஃபோனில் செய்ய நீ ஏன் பயப்பட வேண்டும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் பணத்தில் வாங்கிய ஃபோனில் உனக்குப் பிடித்த ஓஎஸ்ஸைப் போட்டுக்கொள்வது அந்த உரிமைக்குள் அடக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எதை ஏற்றுவது? பெயர்கள் நிறைய காதில் விழும். கிராஃபீன் ஓஎஸ் பாதுகாப்பில் மிகக் கெட்டியானது, ஆனால் அது பிக்ஸல் ஃபோன்களுக்காகச் செய்தது. கூகுள் அப்டேட்டை நிறுத்திய பழைய பிக்ஸல்களை அவர்களும் நிறுத்திவிடுவார்கள். பழைய ஃபோனுக்கு அது கைகொடுக்காது. சென்னை ஐஐடியில் வளர்ந்த நிறுவனம் 2023 ஜனவரியில் காட்டிய பார் ஓஎஸ்ஸைச் சிலர் சொல்வார்கள். நாம் டிராயரில் இருந்து எடுத்த ஃபோனில் நாமே ஏற்றிக்கொள்ளும் வகையில் அது வெளிவரவில்லை. மிச்சம் இருப்பது இரண்டு. சயனோஜென்மாட் 2016 கடைசியில் நின்றபோது அதிலிருந்து கிளைத்த லினேஜ் ஓஎஸ் மிக அதிகமான பழைய மாடல்களுக்குக் கிடைக்கிறது. கூகுள் ஆப் எதுவும் இல்லாமல் சுத்தமாக வரும். அந்த லினேஜின் மேல் கட்டியது ஈ ஓஎஸ். 1998-இல் மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் கேல் டுவால் தொடங்கியது. கூகுள் சேவைகளை எதிர்பார்க்கும் ஆப்களை ஏமாற்றி ஓடவைக்கும் மைக்ரோஜி என்ற சின்ன மென்பொருள் அதற்குள்ளேயே இருக்கும். ஆப்களுக்குள் ஒளிந்திருக்கும் டிராக்கர்களைத் தடுக்கும் வசதியும் உண்டு. முதல்முறை செய்கிற உனக்கு என் தேர்வு ஈ ஓஎஸ்தான். வாட்ஸ்அப்பும் பஸ், ரயில் ஆப்களும் தொந்தரவில்லாமல் ஓடினால்தான் அந்த ஃபோனை நீ தொடர்ந்து கையில் எடுப்பாய். உன் மாடலுக்கு அது இல்லை, லினேஜ் மட்டும்தான் உண்டு என்றால் லினேஜை ஏற்று.

இப்போது முக்கியமான ஒரு பேச்சு. தினமும் ஜிபே பண்ணும் ஃபோனில் இதைச் செய்யாதே. ஓஎஸ்ஸை மாற்ற, ஃபோன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த ஃபோனைப் பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் நம்புவதில்லை. திறந்ததும் "இந்தக் கருவியில் இயங்காது" என்று சொல்லி மூடிக்கொள்ளும். சில ஓடும். இன்று ஓடுவது அடுத்த அப்டேட்டில் நின்றும் போகும். சாலைக் கடைத்தெருவில் காய்கறிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஆள் நிற்கும்போது ஆப் திறக்கவில்லை என்றால் அந்தச் சங்கடத்தை யோசித்துப் பார். வங்கிக் கணக்கோடு சேர்ந்த சிம்மும் யுபிஐயும் புது ஃபோனிலேயே இருக்கட்டும். இந்தப் பழைய ஃபோன் உன் இரண்டாவது ஃபோன். படிக்க, பாட்டுக் கேட்க, வழி பார்க்க, டைரி எழுத, தோழிகளோடு பேச அது. துணிக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பில் போடும்போது நம்பர் கேட்கிறார்களே, அங்கே கொடுப்பதற்கு ஒரு தனி சிம் வைத்திருந்தால் அதையும் இதில் போட்டுக்கொள். உன் வீட்டில் ஸ்மார்ட்ஃபோனே அது ஒன்றுதான், இரண்டாவது இல்லை என்றால், இப்போதைக்கு இதை விட்டுவிடு என்பதுதான் என் யோசனை. *99# டயல் செய்து ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்ப வழி இருக்கிறது என்றாலும், தினசரி செலவுக்கு அதை நம்பி இருப்பது கஷ்டம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விளம்பரக் கம்பெனிகள் உன்னைப் பின்தொடர்வதை இந்த ஓஎஸ் வெகுவாகக் குறைக்கும். ஆனால் மோடம் போன்ற சில்லுகளின் மென்பொருளை அந்தந்தக் கம்பெனிதான் புதுப்பிக்க முடியும், அது பழையதாகவே இருக்கும். பூட்லோடர் திறந்திருப்பதால், விஷயம் தெரிந்த ஒருவர் கையில் ஃபோன் கிடைத்தால் அவர் விளையாட இடம் உண்டு. யாராவது உன்னை மிரட்டுகிறார்கள், ஃபோனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள் என்ற நிலைமை இருந்தால் அதற்கு இது மருந்து இல்லை. அப்போது வேறு ஏற்பாடு வேண்டும். அதைத் தனியாக என்னிடம் பேசு.

சரி, தயாரிப்புக்கு வருவோம். முதலில் பேட்டரி. நம் ஊர்ப் புழுக்கத்தில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்த பேட்டரி உப்பியிருக்கலாம். ஃபோனைக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்துச் சுற்றிப் பார். ஆடினாலோ, பின்மூடி எழும்பியிருந்தாலோ, திரை ஓரம் தூக்கியிருந்தாலோ சார்ஜில் போடாதே. பேட்டரியை மாற்றிய பிறகு பார்க்கலாம். மாற்ற முடியாத ஃபோனாக இருந்தால் அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனைக்காரர்கள் ஈ-வேஸ்ட் சேகரிக்க வரும்போது கொடு.

டிராயரில் ஒன்றும் இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறாய் என்றால் காசு கொடுக்கும் முன்னால் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணைப் பார். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், திருட்டு ஃபோன் என்று முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது மாடலின் உள்பெயர். எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான், அதனால் நிதானமாகக் கேள். கடையில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர். போகோ எஃப்1-க்கு உள்ளே பெரிலியம் என்று பெயர். ஒன்பிளஸ் 6 என்சிலாடா, 6டி ஃபஹீட்டா. ரெட்மி நோட் 4 மீடோ, நோட் 5 ப்ரோ வைரெட். ரெட்மி நோட் என்று தொடங்கும் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். ப்ரோ உண்டா இல்லையா என்பதில் முழு ஃபோனும் மாறிவிடும். ஒன்றுக்குச் செய்த ஃபைலை இன்னொன்றில் ஏற்றினால் ஃபோன் உயிரையே விட்டுவிடலாம். செட்டிங்ஸில் அபவுட் ஃபோன் பக்கத்தில் மாடல் எண்ணைப் பார்த்து, ஓஎஸ்ஸின் சொந்தத் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய் உள்பெயரை எழுதி வை. உன் மாடல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள். முகம் தெரியாத யாரோ டெலிகிராமில் போட்ட ஃபைலை எடுத்து ஏற்றாதே. அந்தரங்கத்துக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு, வீட்டுச் சாவியை அந்நியர் கையில் கொடுக்கிற கதையாகிவிடும்.

அதே பக்கத்தில், ஏற்றுவதற்கு முன் பழைய ஓஎஸ் எந்தப் பதிப்பில் இருக்கவேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கம்பெனி கடைசியாகக் கொடுத்த அப்டேட் வரைக்கும் முதலில் போட்டுக்கொள். அழைப்பு வசதியையும் இப்போதே பார்த்துவிடு. ஜியோ சிம்மில் சாதாரணக் குரல் அழைப்பே வோல்ட்இ வழியாகத்தான் போகும். உன் மாடலில் புது ஓஎஸ்ஸில் அது வேலை செய்கிறதா என்பதை அங்கே தேடிப் பார்.

பூட்லோடர் பூட்டு அடுத்த வேலை. பிக்ஸலும் பழைய ஒன்பிளஸும் மி ஏ1-உம் சட்டென்று திறக்கும். மோட்டோரோலாவில் கம்பெனித் தளத்தில் கேட்டால் ஒரு கோடு அனுப்புவார்கள். ஷாவ்மியில் மி கணக்குத் தொடங்கி, ஃபோனில் சிம் போட்டு, மொபைல் டேட்டாவில் கணக்கை ஃபோனோடு இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய மாடல்களுக்குப் பெரும்பாலும் 168 மணி நேரம். ஒரு வாரம் வேண்டும் என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம். இடையில் கணக்கை வெளியேற்றி மறுபடி இணைத்தால் எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும். சாம்சங்கில் திறந்து வேறு ஓஎஸ்ஸை ஏற்றினால் நாக்ஸ் என்ற உள் ஃபியூஸ் போய்விடும். செக்யூர் ஃபோல்டர் திரும்பவே வராது. விவோ, ஓப்போ, நோக்கியா ஃபோன்களில் பெரும்பாலானவை திறக்காது. அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதே.

அந்த ஒரு வாரத்தில் உள்ளே இருப்பதை வெளியே எடு. பூட்லோடரைத் திறந்த நொடியே ஃபோனில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். படங்களை லேப்டாப்புக்கும் ஒரு பென்டிரைவுக்கும் இரண்டு பிரதியாக எடு. தொடர்புகளை விசிஎஃப் ஃபைலாக எடு. ஆதென்டிகேட்டர் ஆப்பில் அலுவலகக் கணக்கின் கோடு வருகிறது என்றால், அதைப் புது ஃபோனுக்கு மாற்றி, ஒருமுறை உள்ளே நுழைந்து சரிபார். இதை விட்டால் திங்கட்கிழமை அலுவலகத்தில் ஐடி ஆட்களிடம் போய் நிற்க வேண்டிவரும். வாட்ஸ்அப் பழைய ஃபோனிலேயே இருந்தால், கூகுள் டிரைவில் இருக்கும் பேக்கப்பை நம்பாதே, கூகுள் இல்லாத ஓஎஸ்ஸில் அதை இறக்க முடியாது. உள் சேமிப்பில் ஆண்ட்ராய்டு, மீடியா என்று போய் வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுதாக லேப்டாப்புக்கு நகலெடு. புது ஃபோனில் வாட்ஸ்அப் இருக்கிறது என்றால் வேலையே இல்லை. இதை லிங்க்டு டிவைஸாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்ததும் ஃபோனில் இருந்து கூகுள் கணக்கை நீக்கு. நீக்காமல் அழித்தால், பின்னால் என்றாவது பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்பும்போது பழைய பாஸ்வேர்டைக் கேட்டு வாசலில் நிறுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார். துலாம் மாதமாக இருந்தால் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் வந்து கரண்டு போகும், அதனால் காலைதான் நல்லது. டெஸ்க்டாப் வேண்டாம், சார்ஜ் நிறைந்த லேப்டாப் போதும். ஃபோனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். கேபிள் டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். பவர்பேங்கோடு வரும் குட்டைக் கேபிள் பலது சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். ஃபைலை முந்தின நாளே இறக்கி, ஃபைல் சரியாக இறங்கியதா என்று பார்க்கத் தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு ஒத்துப்பார். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்கு.

செய்யும் வேலை என்று பார்த்தால் கொஞ்சம்தான். பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் போடு. லேப்டாப்பில் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் கருவிகளை வைத்து, ஃபோன் தெரிகிறதா என்று பார்த்து, பூட்டைத் திற. பிறகு ரிக்கவரியை ஏற்று, டேட்டாவை ஃபார்மேட் செய், ஓஎஸ் ஃபைலை சைடுலோடு செய். கட்டளைகளை என் வாயால் சொல்லமாட்டேன். மாடலுக்கு மாடல் மாறும். உன் மாடலின் பக்கத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டு. சில மாடல்களுக்கு ஈ ஓஎஸ் பிரவுசரில் இருந்தே ஏற்றும் வசதி தந்திருக்கிறது, இருந்தால் அதையே எடுத்துக்கொள். லேப்டாப்பில் 47 சதவீதத்தில் அசையாமல் நிற்கும், அல்லது தோல்வி என்று சொல்லி, கூடவே வெற்றி என்றும் காட்டும். பதறிக் கேபிளைப் பிடுங்காதே. ஃபோன் திரையைப் பார். அங்கே முடிந்துவிட்டது என்றிருந்தால் முடிந்துவிட்டது. முதல் தடவை ஆன் ஆக நேரம் பிடிக்கும். பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு தடவையும் வரும், அது இயல்பு. அது பிடிக்கவில்லை என்று பூட்டைத் திரும்பப் போடாதே. உன் மாடலின் பக்கத்தில் "பூட்டலாம்" என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, பூட்டினால் ஃபோன் எழுந்திருக்காது.

ஏற்றியதும் நீளமான பின் நம்பர் ஒன்று வை. பிறகு ஆப் ஏற்றும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஒரு கால் பேசிப் பார், எஸ்எம்எஸ் வருகிறதா பார், கேமரா, ஜிபிஎஸ், கைரேகை எல்லாம் சோதி. ஆப்களுக்கு, கட்டற்ற ஆப்களைத் தரும் எஃப்-ட்ராய்டு கடையை முதலில் திற. வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ். வரைபடத்தை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே நெடுமங்காடு வரை கூட்டிப்போகும். அதன் அடியில் இருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் வரைவது, 2018 வெள்ளத்தின்போது கேரளத்தை இரவு பகலாக வரைந்து கொடுத்தவர்கள் அவர்கள். தட்டச்சுக்கு, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் செய்த இண்டிக் கீபோர்டு போடு. தமிழ்99 உண்டு, மலையாளமும் உண்டு. அம்மாவுக்குத் தமிழிலும் ஆபீஸுக்கு மலையாளத்திலும் ஒரே கீபோர்டில் அடிக்கலாம். நீ அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் கீபோர்டு வழியாகத்தான் போகிறது, அதனால் அந்த ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். கால்குலேட்டர், டார்ச் மாதிரி ஆப்களுக்கு நெட் எதற்கு? லினேஜில் ஒவ்வோர் ஆப்புக்கும் தனித்தனியாக நெட்டை நிறுத்தலாம். இருப்பிட அனுமதியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று வை.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால், லினக்ஸ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. காரியவட்டத்தில் ஐசிஃபோஸ் இருக்கிறது, கட்டற்ற மென்பொருளுக்காகக் கேரள அரசு நடத்தும் மையம். அவர்களுடைய பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்து வா. கடையில் கொடுத்து ஏற்றித் தரச் சொல்லாதே. அவர்கள் என்ன ஏற்றினார்கள் என்று உனக்குத் தெரியாது.

மாதம் ஒருமுறை செட்டிங்ஸில் அப்டேட்டரைத் திறந்து பார், வந்திருந்தால் அன்றைக்கே போடு. கம்பெனியின் பழைய ஓஎஸ் ஃபைலையும் இறக்கி லேப்டாப்பில் ஒரு பிரதி வைத்திரு; பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். அந்த ஃபைல் நீ கடைசியாக வைத்திருந்த பதிப்பாகவே இருக்கட்டும், அதைவிடப் பழையது வேண்டாம். ரெட்மி நோட் 5 ப்ரோ போன்றவற்றில் 2018-இல் ஆன்டி ரோல்பேக் என்ற தடையைச் சேர்த்தார்கள். முந்தைய பதிப்புக்கு இறக்கியவர்களின் ஃபோன்கள் செத்துப்போயின.